இரவு இரண்டு மணிக்கு யார் விழித்திருக்கிறார்கள்?

ஏற்காட்டில் முதியோர் இல்லம் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து, பத்தரைக்கு வருகிறார்கள். பனி விலகி வெயில் விழுந்திருக்கும். வாசலில் பூச்செடி, கூடத்தில் டிவி, தரையில் முகம் தெரிகிற டைல்ஸ், சமையல்கட்டில் சாம்பார் கொதிக்கும் வாசனை. நிர்வாகி ஓர் அறையைத் திறந்து காட்டுவார், மாதக் கட்டணமும் முன்பணமும் சொல்வார். மகனும் மருமகளும் ஜன்னல் வழியாகக் காப்பித் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிக்கொண்டு மலை இறங்குவார்கள். சேலம் நகருக்குள், அஸ்தம்பட்டி, கன்னங்குறிச்சி, அழகாபுரம் பக்கம் வீட்டையே இல்லமாக மாற்றி நடத்துகிற இடங்களிலும் இதேதான் நடக்கும். காப்பித் தோட்டம் மட்டும் இருக்காது.

அவர்கள் பார்த்தது எதுவும் பொய்யில்லை. ஆனால் இரவு எட்டு மணிக்குச் சமையல்காரம்மா கிளம்பிப் போனதிலிருந்து காலையில் பால் வரும்வரை உள்ள பத்து மணி நேரத்தை அவர்கள் பார்க்கவில்லை. முதியோர் இல்லங்களில் நடக்கிற தவறுகளில் பெரும்பகுதி அந்தப் பத்து மணி நேரத்தில் தொடங்குகிறது. ஆகவே ஓர் இல்லத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால், இரவு இரண்டு மணிக்கு அங்கே எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்றுதான் நான் கேட்பேன். கேட்டருகே நாற்காலியில் தூங்குகிற வாட்ச்மேன் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

முதலில் கீழே விழுவது. எழுபது தாண்டியவர்கள் இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்து கழிப்பறைக்குப் போவது சாதாரணம். பிரஷருக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர், புராஸ்டேட் வீங்கியவர், சுகர் கட்டுக்குள் இல்லாதவர் இன்னும் அடிக்கடி எழுவார்கள். படுத்திருந்தவர் சட்டென்று எழும்போது ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். விளக்கு ஸ்விட்ச் கைக்கு எட்டாது, மூக்குக்கண்ணாடி எங்கே என்று தெரியாது, கழிப்பறை வாசலில் இரண்டு அங்குலப் படி, உள்ளே ஈரம். பகலில் பார்த்து மயங்கிய அதே வழவழப்பு டைல்ஸ் இப்போது காலை வாருகிறது. கையோடு போனால் மாவுக்கட்டு போட்டு ஆறிவிடும். இடுப்பு எலும்பு உடைந்தால் கதையே வேறு. ஓரிரு நாட்களுக்குள் அறுவைச் சிகிச்சை செய்து, மறுநாளே எழுப்பி உட்கார வைக்க வேண்டும் என்பது இன்றைய மருத்துவ முறை. அப்படியும் பல நாட்டு ஆய்வுகளில், இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவருக்குக் குறையாமல் ஓராண்டுக்குள் இறந்திருக்கிறார்கள். முறிவுக்குப் பின் படுத்தே கிடப்பதால் வரும் நிமோனியாவும், காலில் உறையும் ரத்தமும், படுக்கைப் புண்ணும் பலரைக் கொண்டுபோகின்றன.

இதைத் தடுக்கப் பெரிய செலவு கிடையாது. உயரம் குறைந்த கட்டில், கட்டிலிலிருந்து கழிப்பறை வரை சுவரில் கைப்பிடி, இரவெல்லாம் எரியும் சின்ன விளக்கு, சொரசொரப்பான தரை, தலைமாட்டில் அழைப்பு மணி. ஆனால் மணி அடித்தால் வர ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் இரண்டு குறுக்கு வழிகள் தானாகவே வந்துவிடுகின்றன. ஒன்று தூக்க மாத்திரை, இன்னொன்று கட்டிப் போடுவது.

தூக்க மாத்திரை பாட்டிக்காகக் கொடுக்கப்படுகிறதா, பாட்டியைப் பார்த்துக்கொள்பவர் தூங்குவதற்காகக் கொடுக்கப்படுகிறதா என்பது பல இடங்களில் தெளிவில்லை. முதியவர்களுக்குக் கூடுமானவரை தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் ஒன்றை 1991இல் அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸும் சக மருத்துவர்களும் வெளியிட்டார்கள். அந்தப் பட்டியல் முதலில் உருவானதே முதியோர் இல்லவாசிகளை மனத்தில் வைத்துத்தான். திருத்தித் திருத்தி இன்றும் புழக்கத்தில் இருக்கும் அந்தப் பட்டியலில் டயஸிபாம் வகைத் தூக்க மாத்திரைகளுக்கு நிரந்தர இடம் உண்டு. காரணம், அவை தள்ளாட்டத்தையும் குழப்பத்தையும் கூட்டி, கீழே விழும் வாய்ப்பை அதிகமாக்குகின்றன. விழாமல் இருக்கத் தூங்க வைத்து, தூக்கக் கலக்கத்திலேயே விழ வைப்பது.

கட்டிப் போடுவதைப் பற்றித் தமிழ்நாட்டுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். இன்று மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 மனநோய் உள்ள யாரையும் எந்த வடிவிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று தடை செய்கிறது. அந்தச் சட்டம் மனநோய்க்குச் சொல்லும் இலக்கணத்தில் நினைவாற்றலும் இடம், நேரம் அறியும் திறனும் கடுமையாகக் குலைவதும் அடங்கும். அதாவது மறதி நோய் முற்றிய ஒரு தாத்தாவைக் கட்டிலோடு புடவைத் துணியால் கட்டிவைத்து, "அவரோட பாதுகாப்புக்குத்தாங்க" என்று சொல்கிற இல்லம், சட்டத்தின் பிடிக்கு வெளியே இருப்பதாக நினைத்துக்கொள்ள முடியாது. வெளியே பூட்டிய அறைக் கதவையும் கம்பி போட்ட ஜன்னலையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். தீ விபத்து என்று வந்தால் சாவி யாரிடம், அவர் எங்கே படுத்திருக்கிறார்?

படுக்கைப் புண்ணுக்கு வருவோம். ஓர் இல்லத்தின் நேர்மையைச் சோதிக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. சுவருக்கு வெள்ளையடிக்கலாம், பதிவேட்டை ஒரே ராத்திரியில் எழுதி முடிக்கலாம், புட்டத்தின் மேலும் குதிகாலிலும் உள்ள புண்ணை ஒரு நாளில் ஆற்ற முடியாது. அசைய முடியாமல் படுத்திருப்பவரின் எலும்பு முனைகளில் எடை அழுந்தி, அந்த இடத்துக்கு ரத்தம் போகாமல் தோல் செத்துப்போவதால் அது வருகிறது. சிறுநீர் ஈரமும் புரதம் குறைந்த சாப்பாடும் சேர்ந்தால் சீக்கிரம் வரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது பழைய விதி. நல்ல மெத்தை இருந்தால் இடைவெளியைக் கொஞ்சம் நீட்டலாம், விட்டுவிட முடியாது. ஏர் பெட் வாங்கிக் கொடுத்துவிட்டதால் பொறுப்பு முடிந்தது என்று நினைக்கும் பிள்ளைகள் உண்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் இல்லத்தில் எட்டுப் பேர் படுத்த படுக்கை. ஒருவரைத் திருப்பி, டயபர் பார்த்து, துடைத்து, முதுகுக்குத் தலையணை கொடுக்கப் பத்து நிமிடம், அதுவும் இரண்டு பேர் சேர்ந்து. எட்டுப் பேருக்கு 80 நிமிடம். 120 நிமிடத்தில் மறுசுற்று தொடங்கிவிடும். ஆக இரண்டு பேர் இரவு முழுக்க விழித்திருந்தாலும், இந்த ஒரு வேலைக்கே மூன்றில் இரண்டு பங்கு நேரம் போய்விடுகிறது. ஒரே ஓர் ஆயா இருக்கும் இல்லத்தில் அந்தச் சுற்று நடப்பதில்லை, நடந்ததாக நோட்டில் டிக் மட்டும் விழும். அந்த ஆயாவைத் திட்டிப் பயனில்லை.

சரி, ஏன் இரண்டு பேரை வைப்பதில்லை? வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் சட்டப்படி வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை பார்த்தால், ஒரே ஒரு இடத்தில் எப்போதும் ஓர் ஆள் இருக்க மூன்றரை ஆள் வேண்டும். லீவு, காய்ச்சல், தீபாவளி, பொங்கல் எல்லாம் சேர்த்து நான்குக்கு மேல். இரண்டு பேர் எப்போதும் இருக்க வேண்டுமென்றால் எட்டு, ஒன்பது பேருக்குச் சம்பளம். முப்பது பேர் இருக்கும் நடுத்தரக் கட்டண இல்லத்துக்கே இது முழி பிதுங்கும் செலவு. அதனால்தான் "தங்கி வேலை பார்க்கிறவங்க" என்ற ஏற்பாடு பரவியிருக்கிறது. பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு இரவு அங்கேயே ஹாலில் பாய் விரித்துப் படுக்கும் பெண்கள். சேர்க்க வருகிறவர்களிடம் "இருபத்துநாலு மணி நேரமும் ஆள் இருக்காங்க" என்று சொல்லும்போது அது பொய்யில்லை. ஆள் இருக்கிறார், தூங்குகிறார். அவரும் மனுஷிதானே.

இந்தப் பெண்களில் பலர் பக்கத்துக் கிராமங்களிலிருந்தோ, மலையில் எஸ்டேட் வேலை குறைந்தபோதோ வந்தவர்கள். பக்கவாதம் வந்தவருக்கு எப்படிச் சோறு ஊட்டுவது, நேராக உட்கார வைக்காமல் ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் போய்விடும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். படுக்க வைத்தபடியே கஞ்சி ஊற்றுவதைப் பாசத்தோடுதான் செய்கிறார்கள். இல்லங்களில் வரும் நிமோனியாவில் கணிசமான பங்கு அப்படி வருகிறது. கொடுமைக்காரர்களால் நடக்கும் தீங்கு செய்தியாகிறது, பயிற்சியில்லாத அன்பால் நடக்கும் தீங்கு கணக்கிலேயே வருவதில்லை.

சாப்பாட்டு நேரமும் ஆள் பற்றாக்குறையோடு பிணைந்ததே. சமையல்காரம்மா கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் பல இல்லங்களில் ராத்திரிச் சாப்பாடு ஆறரைக்கே முடிந்துவிடும். காலை இட்லி எட்டரைக்கு. நடுவே பதினான்கு மணி நேரம். சுகருக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறவருக்கும் கிளிபென்கிளமைடு மாதிரிப் பழைய மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் இது நேரடி ஆபத்து. அந்த மாத்திரையும் பியர்ஸ் பட்டியலில் இருக்கிறது. விடியற்காலை சர்க்கரை அளவு இறங்கினால் வியர்வை, உளறல், பிறகு மயக்கம். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு அவர் அசந்து தூங்குவது போலத்தான் தெரியும். படுக்கும்முன் ஒரு டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும், கையெட்டும் தூரத்தில் ஒரு குளுக்கோமீட்டரும், அதைப் பார்க்கத் தெரிந்த ஒருவரும் இருந்தால் போதும். மூன்றாவதுதான் கிடைப்பதில்லை.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சங்கதியைச் சொல்லாமல் போக முடியாது. பிறந்த நாள், கல்யாண நாள், அப்பாவின் நினைவு நாள் என்றால் இல்லத்துக்கு ஒரு வேளைச் சாப்பாடு போடுவது நம்மிடம் வேரூன்றிய வழக்கம். இலவச இல்லங்கள் பல உயிரோடு இருப்பதே இதனால்தான். ஆனால் அந்த அன்னதானம் வடை பாயசத்தோடு வருகிறது, சுகர்காரர்களுக்கும் சேர்த்து. தானம் செய்கிற குடும்பம் பன்னிரண்டரைக்கு வருவதாகச் சொல்லி ஒன்றே முக்காலுக்கு வந்து, கேக் வெட்டி, போட்டோ எடுத்து முடிக்கும்வரை ஐம்பது பேர் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். காலையில் மாத்திரை போட்டவர்களும் அதில் உண்டு. முகூர்த்த மாதங்களில் இரண்டு மூன்று விருந்து ஒரே நாளில் வரும், அடுத்த வாரம் முழுக்க ரசம் சோறு. கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. அதே பணத்தை ஒரு மாத இரவுப் பணியாளர் சம்பளமாகவோ டயபராகவோ முட்டையாகவோ கொடுத்தால் போட்டோவுக்கு அழகாக இருக்காது, பயன் மட்டும் இருக்கும்.

ஏற்காட்டை விரும்பிப் போகிறவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், சேலத்து வெயிலிலிருந்து தப்பித்த நிம்மதி, நடக்க நல்ல பாதைகள். நன்றாக நடமாடுகிற, மனம் தெளிவான அறுபத்தைந்து வயதுக்காரருக்கு இது அருமையான இடம். அவரே எண்பதைத் தொடும்போது கணக்கு மாறும். பக்கவாதத்தில் மூளையின் ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைத் தொடக்கத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும், அதற்குச் சேலம் இறங்க வேண்டும். சுமார் முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள். பகலில் ஒரு மணி நேரப் பாதைதான். ஐப்பசி, கார்த்திகை இரவில் மூடுபனிக்குள் அதே பாதையில் ஆம்புலன்ஸ் ஊர்ந்துதான் இறங்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. அப்படிப்பட்ட நாட்களுக்கு எத்தனை நாள் மருந்து கையிருப்பு உண்டு, கரண்ட் போனால் ஆக்சிஜன் இயந்திரம் எதில் ஓடும் என்பதெல்லாம் மலை இல்லத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள். கல்யாண மண்டபம் பேசப் போனால் ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்காமல் நம்மவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. அப்பாவைச் சேர்க்கும் இடத்தில் அது வாயில் வருவதில்லை.

குளிரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வயதான உடம்பு சூட்டைத் தக்க வைத்துக்கொள்ளத் திணறும். அதற்காக மூடிய அறையில் கரி கணப்பு வைப்பது மிக ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே கொன்றுவிடும். வாளியில் போடும் ஹீட்டர் ராடும் அப்படித்தான், மறதி உள்ளவர் கைபட்டால் ஷாக்.

சட்டம் என்ன செய்கிறது? பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007 பெரும்பாலும் பிள்ளைகளிடமிருந்து ஜீவனாம்சம் வாங்கித் தருவதற்கான சட்டமாகவே அறியப்படுகிறது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம், மாதம் 10,000 ரூபாய் உச்சவரம்பு, வயதானவரைக் கைவிட்டால் மூன்று மாதம்வரை சிறை, எல்லாம் அதில்தான். அதன் 19ஆம் பிரிவு, ஆதரவற்றவர்களுக்காக மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 பேர் தங்கும்படி, மாநில அரசு இல்லம் அமைக்கலாம் என்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. மத்திய அரசின் மாதிரி விதிகள் ஒருவருக்குப் படுக்கை இடம் 7.5 சதுர மீட்டர் என்பதுவரை போகின்றன. தனியார் இல்லங்களையும் முறைப்படி பதிவு செய்து குறைந்தபட்சத் தரத்துக்குள் கொண்டுவரும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் தாக்கலானது. நிறைவேறாமலே, 2024இல் அந்த மக்களவையோடு காலாவதியாகிவிட்டது.

தமிழ்நாட்டில் இல்லங்கள் சமூக நலத்துறையில் பதிவு செய்திருக்க வேண்டும், மாவட்ட சமூக நல அலுவலகம் அதைப் பார்க்கிறது. பதிவுச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்க்கத் தயங்க வேண்டாம். ஆனால் ஆய்வு என்பது பகலில் நடக்கிற காரியம். கட்டடச் சான்று, தீயணைப்புச் சான்று, அறையின் அளவு, தங்கியிருப்போர் பட்டியல் ஆகியவற்றை ஓர் அதிகாரி அரை நாளில் சரிபார்த்துவிடலாம். இரண்டு மணிக்குப் பக்கம் மாற்றினார்களா என்பதை எந்தச் சான்றிதழும் சொல்லாது. 2023இல் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் தனியார் காப்பகம் ஒன்றிலிருந்து ஆட்கள் காணாமல் போன விவகாரம் வெடித்தபோது, மாநிலம் முழுக்கக் காப்பகங்கள் பற்றிப் பேச்சு எழுந்தது. அந்தச் சூடு எத்தனை நாள் நின்றது என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

அதிகாரியைவிட அடிக்கடி போகக்கூடியவர்கள் உறவினர்கள். அவர்களும் போவதில்லை என்பதுதான் விஷயம், அதற்குக் காரணம் வெட்கம். பெற்றவர்களை இல்லத்தில் விட்டிருக்கிறோம் என்று சொந்தபந்தத்துக்குத் தெரியக் கூடாது என்று மறைக்கிற குடும்பம், நாலு பேரிடம் விசாரித்து இல்லம் தேடாது. சேர்த்த பிறகும் சத்தம் போட்டுக் கேள்வி கேட்காது. பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் பிள்ளை மாதம் தவறாமல் பணம் அனுப்பி, வீடியோ காலில் "நல்லாருக்கியாம்மா?" என்று கேட்கிறார். பக்கத்தில் வார்டன் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அம்மா வேறென்ன சொல்வார்? புகார் சொன்ன பிறகும் அவர் அதே கட்டிலில், அதே ஆட்களின் கையில்தான் இருக்க வேண்டும்.

முன்னறிவிப்பில்லாமல், சாயங்காலம் ஏழு மணிக்குமேல் போய்ப் பாருங்கள். அந்த நேரத்தில் உள்ளே விட மறுக்கிற இல்லம் அதிலேயே ஒரு பதிலைச் சொல்லிவிடுகிறது. போர்வையை விலக்கிக் குதிகாலைப் பாருங்கள். மாத்திரை அட்டையில் மிச்சத்தை எண்ணிப் பாருங்கள். பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தோடு இல்லத்துக்குத் தொடர்பு இருக்கிறதா என்று கேளுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மருந்தோடு பிசியோதெரபியும் வலி தணிப்புப் பராமரிப்பும் இருப்பிடத்துக்கே வருகின்றன. அதைப் பயன்படுத்திக்கொள்கிற நிர்வாகி, வெளியாள் உள்ளே வருவதற்கு அஞ்சாதவர்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்முன் எழுத்தில் வாங்க வேண்டியவை சில உண்டு. இரவில் உடம்பு முடியாமல் போனால் எந்த மருத்துவமனை, யார் கூடப் போவார், வெளிநாட்டில் இருக்கும் மகனின் போன் எடுக்கப்படாவிட்டால் அறுவைச் சிகிச்சைக்கு யார் கையெழுத்துப் போடுவார் என்பவை. உள்ளூரில் ஒரு மச்சானோ சித்தப்பா மகனோ பொறுப்பேற்று, அவர் பெயர் அந்தத் தாளில் இருக்க வேண்டும். முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது, ஆனால் அது காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரைதான். அதன் பிறகு 108, காவல் துறை, அப்புறம் அந்த மச்சான். இந்த எண்கள் அலுவலக அறைச் சுவரில் ஒட்டியிருப்பதால் அம்மாவுக்குப் பயனில்லை. பெரிய பட்டன் வைத்த ஒரு சாதாரண போன் அவர் தலையணைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இரவில் அதை வாங்கி ஆபீஸில் வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டா என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதி வாங்கிவிடுவது நல்லது.